தூங்கப் போகும் முன் பாரத்தை இறக்கிவைக்க: சங்கீதம் 131 வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" (மத்தேயு 11:28). இந்த வசனம் காலண்டரில் இருக்கும், நிலைக்கதவுக்கு மேலே இருக்கும், ஆட்டோவின் பின்னாலும் இருக்கும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது இயேசுவிடம் எப்படி வருவது, வந்து என்ன செய்வது என்று கேட்டால் பலரிடமும் பதில் இல்லை. "ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். பண்ணிவிட்டுத்தானே புரண்டுகொண்டிருக்கிறோம்.

இந்த வழிகாட்டி அந்த ராத்திரி நேரத்துக்கானது. சங்கீதம் 131-ஐ எடுத்துக்கொண்டு, அதன் வரிசையிலேயே இருபது நிமிடம் ஜெபிப்பது எப்படி என்று சொல்கிறது. கத்தோலிக்கர்கள் திருவிவிலியத்தில் இதைத் திருப்பாடல் 131 என்று பார்க்கலாம். மூன்றே வசனங்கள்:

"கர்த்தாவே, என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல, என் கண்கள் மேட்டிமையுள்ளவைகளுமல்ல, பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதுமில்லை. தாயின் பாலை மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன். என் ஆத்துமா பால்மறந்த குழந்தையைப்போல் இருக்கிறது. இஸ்ரவேல் இதுமுதல் என்றைக்கும் கர்த்தரை நம்பியிருப்பதாக."

எங்கள் ஜெபக்குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களோடு இதைச் செய்து பார்த்ததில், பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டாம் வசனத்தின் அமைதி வேண்டும் என்று அங்கேயே ஆரம்பிக்கிறார்கள். முதல் வசனம் விட்டுவிடச் சொல்வதை விட்டுவிட மனம் வருவதில்லை. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

1. தொடங்கும் முன்

முதலில் சாப்பிடுங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது அவனுக்குப் பிரசங்கம் எதுவும் கிடைக்கவில்லை. தூங்கவிட்டார்கள். தேவதூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் காட்டினான். சாப்பிட்டு மறுபடி படுத்தவனை இன்னொரு முறை எழுப்பிச் சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19). பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். பசியும் களைப்பும் விசுவாசக் குறைவைப் போலவே வேஷம் போடும். இரண்டு நாள் சரியாகத் தூங்காதவர் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு இன்றைக்குத் தூங்குவதுதான் சரி.

அச்சுப் புத்தகமாக ஒரு வேதாகமம், ஒரு தாள், ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். போனில் படிக்க வேண்டாம். வசனத்துக்கு மேலேயே வாட்ஸ்அப் செய்தி வந்து விழும். அது பெரும்பாலும் நீங்கள் இறக்கிவைக்கப் பார்க்கும் அதே பாரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

உட்காரும் இடம் படுக்கையாக இருக்கக்கூடாது. நாற்காலி, பாய், மொட்டைமாடித் திண்ணை எதுவானாலும் சரி. கட்டிலில் செய்தால் பாதியில் தூங்கிவிடுவோம், அல்லது தூக்கம் வருகிறதா என்று பார்ப்பதே ஜெபமாகிவிடும். நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் காலையில் வந்து படுக்கும் முன் செய்யலாம்.

யாரோடாவது அன்றைக்குச் சண்டை போட்டிருந்தால், முடிந்த வரைக்கும் அதை முதலில் சரிசெய்யுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறார் இயேசு (மத்தேயு 5:23-24). பக்கத்து அறையில் மனைவி அழுதுகொண்டிருக்கும்போது இந்த அறையில் இளைப்பாறுதல் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணில் பேசலாம். அது விசுவாசத்துக்கு விரோதம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதானே ஜெபிக்கிறோம்.

2. "பிள்ளையைப்போல்" என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

இதைப் பிழையாகப் பிடித்தால் எல்லாப் படியும் கோணிப்போகும். "நீங்கள் மனந்திரும்பிப் பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால்" என்று இயேசு சொன்னது, "பரலோகராஜ்யத்தில் எவன் பெரியவன்?" என்று சீஷர்கள் கேட்டதற்குப் பதிலாக (மத்தேயு 18). நடுவில் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட அந்தப் பிள்ளைக்குப் பதவி இல்லை, செய்து காட்ட ஒன்றும் இல்லை. கூப்பிட்டார், வந்தது.

மூளையைக் கழற்றி வைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கேள்வியே கேட்காமல் இருப்பதும், ஊழியக்காரர் சொன்னதையெல்லாம் நம்புவதும் பிள்ளைத்தன்மை என்று நினைக்கிறார்கள். பவுல் அதை நேராகவே மறுக்கிறார்: "துர்க்குணத்திலே குழந்தைகளாயும், புத்தியிலோ தேறினவர்களாயுமிருங்கள்" (1 கொரிந்தியர் 14:20). நிஜப் பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்பார்கள். கேட்டுக்கொண்டே கையையும் பிடித்துக்கொண்டு வருவார்கள். நமக்கு வேண்டியது அது.

3. உட்கார்ந்து, பாரங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

சங்கீதத்தை ஒருமுறை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். அப்புறம் தாளை எடுத்து, இன்றைக்கு மனதை அழுத்துகிறவற்றை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இங்கே புதியவர்களுக்கு வரும் சிக்கல், ஜெபப் பாஷை. "எங்கள் குடும்பத்தின் மேல் கிருபையாயிரும்" என்று எழுதுவார்கள். அழகான ஜெபம்தான், ஆனால் அதில் பாரம் எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. "வியாழக்கிழமை அம்மாவுக்கு ஸ்கேன் ரிசல்ட் வருது, பயமா இருக்கு" என்று எழுதினால் அது பாரம். "தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன்ல வட்டி மட்டும்தான் கட்டிக்கிட்டிருக்கேன்." "மேனேஜர் எல்லார் முன்னாலயும் திட்டினான், அவன் மேல வெறுப்பா வருது." பிள்ளை அப்பாவிடம் பேசுவதைப் போல, வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். இலக்கணத்தை யாரும் திருத்தப் போவதில்லை.

அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நாம் கேட்பதற்கு முன்னமே பிதா அறிந்திருக்கிறார் என்பது உண்மை (மத்தேயு 6:8). அதைச் சொன்ன கையோடுதான் "அன்றன்றுள்ள எங்கள் ஆகாரத்தை" என்று பெயர் சொல்லிக் கேட்கவும் இயேசு கற்றுக்கொடுத்தார். தெரியாமல் இருப்பது நமக்கு. பெயர் வைக்காத பாரத்தை இறக்கிவைக்க முடியாது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் உடம்பெல்லாம் பரவிக்கிடக்கும்.

கோபமும் எழுதலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. வேதாகமத்திலேயே இடம் பெற்ற முறையீடு உங்கள் தாளில் இடம் பெறக் கூடாதா?

4. தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள்

முழு வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள்.

முதல் வசனத்தைத் திரும்பப் பாருங்கள். "எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதுமில்லை." சங்கீதக்காரன் அமைதியைப் பற்றிப் பேசும் முன்னால், தன் அளவை ஒத்துக்கொள்கிறான். ஆகவே நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் இரண்டாகப் பிரியுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம், நாளைக்கு என் கையால் செய்ய முடிந்தது. வலப்பக்கம், எனக்கு மிஞ்சினது.

ஸ்கேன் ரிசல்ட்டை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம்: வியாழக்கிழமை லீவு சொல்வது, பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே கவரில் எடுத்து வைப்பது, அம்மாவோடு கூடப் போவது. வலப்பக்கம்: ரிசல்ட்டில் என்ன வரும் என்பது. கடன் என்றால், பேங்குக்குப் போய் மேனேஜரிடம் பேசுவது இடது. அவர் என்ன சொல்வார் என்பது வலது. பிளஸ் டூ படிக்கும் மகன் என்றால், அவன் படிக்கும் நேரத்தில் டிவியை அணைப்பது, சாப்பாடு போடுவது, திட்டாமல் இருப்பது இடது. அவன் மார்க் வலது. அவன் மனசும் வலது.

இந்தக் கடைசி வரியில்தான் பெற்றோர்கள் நின்றுவிடுவார்கள். மற்றவர்களின் இருதயத்தை நம் பட்டியலில் வைத்திருப்பதுதான் மனிதரை அதிகம் களைப்பாக்கும் வேலை என்பது என் எண்ணம். கணவர் குடியை விட வேண்டும், மாமியார் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும், அண்ணன் மனந்திரும்ப வேண்டும். இவற்றுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்கவும் வேண்டும். ஆனால் ஒருவரை உள்ளேயிருந்து மாற்றும் வேலை உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்படாத வேலையை வருடக்கணக்கில் செய்கிறவருக்கு ஓய்வு எப்படி வரும்? குடிக்கிறவர் அடிக்கிறார் என்றால் மட்டும் கணக்கு வேறு. பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், உதவி கேட்பதும் உங்கள் கையில் இருப்பவை. அதை இடப்பக்கத்தில், முதல் வரியாக எழுதுங்கள்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. போன் பண்ணிப் பேச வேண்டியதைப் பேசாமல், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று வலப்பக்கம் தள்ளிவிடுவது. இளைப்பாறுதல் தருவேன் என்ற அதே வாயால் "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு" என்றும் சொன்னார். நுகம் என்றால் வேலை இருக்கிறது என்றுதானே அர்த்தம். நம் அளவுக்குச் செய்த, இலகுவான நுகம். ஒரு வரி எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால், "நாளைக்கு எத்தனை மணிக்கு இதைச் செய்வேன்?" என்று கேட்டுப் பாருங்கள். நேரம் சொல்ல முடிந்தால் இடது.

5. வலப்பக்கத்தை ஒப்புக்கொடுங்கள்

இப்போது வலப்பக்க வரிகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் "அப்பா, இது எனக்கு மிஞ்சினது. உம்மிடம் வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். மொத்தமாக "எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று முடிப்பது வேகமான வழி, ஆனால் வேலை செய்வதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லும்போதுதான் எந்த வரியில் குரல் அடைக்கிறது என்று தெரியும். அந்த வரியில் நில்லுங்கள். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற 1 பேதுரு 5:7-ஐ அங்கே ஒருமுறை சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் பேதுரு: அவர் விசாரிக்கிறவர்.

ஒப்புக்கொடுத்த கையோடு, எப்படிச் செய்ய வேண்டும் என்று யோசனையும் கொடுப்பது அடுத்த தவறு. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, எந்த நட்டைக் கழற்ற வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருப்பதைப் போல. விருப்பத்தைச் சொல்லலாம். கெத்செமனேயில் இயேசுவும் சொன்னார்: இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கும்படி செய்யும். அப்புறம், "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே." விருப்பம் முதலில், விடுவது அடுத்தது. விருப்பத்தை மறைத்துவிட்டு நேராக "உம்முடைய சித்தம்" என்று போனால் அது பெரும்பாலும் மனக்கசப்பாகத் திரும்பி வரும்.

வைத்த பாரம் பத்து நிமிடத்தில் திரும்பத் தோளில் ஏறினால் பயப்பட வேண்டாம். மறுபடியும் வையுங்கள். பவுலே ஒரே காரியத்துக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டதாக எழுதுகிறார். தன் மாம்சத்திலே ஒரு முள் என்று அவர் சொன்ன அந்த வேதனை, கேட்டபடி நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது (2 கொரிந்தியர் 12). இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஒப்புக்கொடுத்தால் நினைத்தது நடக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இந்தச் சங்கீதம் அப்படிச் சொல்லவில்லை.

6. எதையும் கேட்காமல் ஐந்து நிமிடம் இருங்கள்

தாளைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டாம் வசனத்தை வாசியுங்கள். இனி ஐந்து நிமிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

பால் குடிக்கும் குழந்தை தாயின் மடியில் ஏறியதும் பாலைத் தேடும், கிடைக்காவிட்டால் அழும். பால்மறந்த குழந்தை அதே மடியில் சும்மா இருக்கும். அதற்கு அம்மா போதும். வீட்டில் பிள்ளைக்குப் பால் மறக்கடித்தவர்களுக்குத் தெரியும், அந்த நிலைக்கு ஒரே ராத்திரியில் யாரும் வந்துசேர்வதில்லை. அழுகை, அடம், தூக்கமில்லாத ராத்திரிகள் எல்லாம் தாண்டித்தான் வரும். அதனால் முதல் சில வாரங்கள் இந்த ஐந்து நிமிடம் சகிக்க முடியாததாக இருந்தால், உங்களுக்கு இது வராது என்று முடிவுகட்ட வேண்டாம்.

எண்ணங்கள் ஓடும். கேஸ் புக் பண்ண வேண்டும், நாளைக்கு யூனிபார்ம் தேய்க்க வேண்டும் என்று வரிசையாக வரும். விரட்ட வேண்டாம். "கர்த்தாவே" என்றோ "இயேசுவே" என்றோ ஒருமுறை மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்ப வாருங்கள். எத்தனை முறை போனாலும் அத்தனை முறை. பாட்டு போட வேண்டாம். காது அதன் பின்னால் போய்விடும்.

கண்ணீர், சிலிர்ப்பு, குரல், காட்சி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சாட்சிக் கூட்டங்களில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் ஒன்றும் நடக்கவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள். சங்கீதக்காரனுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆத்துமாவை அமரப்பண்ணினான், அது அமர்ந்தது, அவ்வளவுதான்.

தூங்கிவிட்டால்? பரவாயில்லை. கத்தோலிக்க வீடுகளில் குழந்தை தெரசாள் என்று அழைக்கப்படும் லிசியே நகர்த் துறவி, 1897-இல் 24 வயதில் இறந்தவர். ஜெப நேரத்தில் தூங்கிவிழுவது அவருக்கு வழக்கம். அதற்காக அவர் கலங்கவில்லை. பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியமானவர்கள்தானே என்று எழுதிவைத்தார். பின்னாளில் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பெரிய ஆசிரியராக அறிவித்தது, தூங்கியதையும் சேர்த்து.

7. இன்னொருவருக்காக ஒரு வரி சொல்லி முடியுங்கள்

மூன்றாம் வசனத்தில் சங்கீதம் திடீரென்று இஸ்ரவேல் முழுவதையும் நோக்கித் திரும்புகிறது. நீங்களும் திரும்புங்கள். பாரத்தோடு இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி, "அவரும் உம்மை நம்பியிருக்கட்டும்" என்று ஒரே வரி. நீட்ட வேண்டாம், நீட்டினால் அவருடைய பாரமும் உங்கள் பட்டியலுக்கு வந்துவிடும்.

அதன்பின் 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போகலாம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." மறுபடி போனை எடுக்க வேண்டாம்.

8. காலையில் இடப்பக்கத்திலிருந்து ஒன்றைச் செய்யுங்கள்

இதை விட்டுவிட்டால் முந்தின ராத்திரி செய்தது பாதி பொய்யாகிவிடும். எழுதியவற்றில் ஒன்றே ஒன்றை, மதியத்துக்குள் முடியுங்கள். சின்னதாக இருக்கட்டும்: ஒரு போன், ஒரு மன்னிப்பு, ஒரு அப்பாயின்ட்மென்ட். செய்ய வேண்டியது செய்யாமல் கிடந்தால் அது ராத்திரியில் கவலையாக வேஷம் மாற்றிக்கொண்டு திரும்பி வரும்.

9. இடையில் வரும் சிக்கல்கள்

"எனக்கு விசுவாசம் போதவில்லை." நோயாளி குணமாகவில்லை என்றால் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று சொல்லிக் காயப்படுத்தப்பட்டவர்கள் நிறைய வருகிறார்கள். மாற்கு 9-இல் மகனைக் கொண்டுவந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றான். அந்த அரைகுறை விசுவாசத்தோடு வந்தவனின் பிள்ளைதான் அங்கே குணமானது. அந்த ஒரு வரியை 5-ஆம் படியில் சொல்லிக்கொள்ளலாம்.

வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வசனத்தை வைத்து வலப்பக்கத்துக்கெல்லாம் பதில் தேடுவது. அட்டையைப் பைபிளுக்குள் வைத்திருங்கள், தவறில்லை. ஆனால் அதை ஸ்கேன் ரிசல்ட்டுக்கு முன்னறிவிப்பாக வாசித்தால், பிள்ளையைப்போல் நம்புவது போய் ஜோசியம் பார்ப்பது வந்துவிடும்.

துக்க வீடு. சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் இந்தப் படிகளில் 4-ஆவதை விட்டுவிடுங்கள். துக்கத்தைக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. 3-ஐயும் 6-ஐயும் மட்டும் செய்யுங்கள். ஜெபமே வரவில்லை என்றால், இருளோடே முடிகிற 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் படுங்கள்.

தனியாகவே செய்வது. வலப்பக்கத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், சபையில் நம்பிக்கையான ஒருவரிடம், போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ, சொல்லுங்கள். வாயைக் காப்பவராக இருக்க வேண்டும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் உங்கள் வீட்டு விஷயத்தைக் குரூப்பில் போடுகிறவர் வேண்டாம்.

விட்டுப்போன நாட்கள். பிரயாணம், காய்ச்சல், விருந்தாளிகள் என்று இரண்டு வாரம் விட்டுப்போகலாம். ஈடுகட்ட வேண்டாம், நாற்பது நிமிடம் உட்கார வேண்டாம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நேரத்தைக் கழிக்கவும் வேண்டாம். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் மூன்றாம் படியிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு வாரத்துக்கு முன் எழுதியவற்றில் பாதி அதற்குள் தீர்ந்திருக்கும், மீதி வேறு உருவத்தில் இருக்கும்.